மம்பட்டி எந்த வகை

மம்பட்டி வெட்டும் ஆயுதமா, அடிக்கும் ஆயுதமா என்று யாராவது இன்றைக்குக் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாது. சிறுவயதில் ஒரு கோடை விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சாக இருந்தது. கூடத்தில் நாங்கள் பேசினோம். அடுப்படியில் பெரியவர்கள் பேசினார்கள். இரண்டும் ஒரே பேச்சு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா மகன், எங்களுக்கு அண்ணன், சென்னையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். லீவுக்கு மதுரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள் கொண்டுவந்தார். ஹாஸ்டலில் விளையாடுகிற ஆட்டமாம். பலகை கிடையாது, காய் கிடையாது. அண்ணன் ஒரு குகையைப் பற்றிச் சொல்லுவார். அதற்குள் நாங்கள் நிற்பதாக வைத்துக்கொண்டு, என்ன செய்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருபது முகம் உள்ள பகடை வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. அதற்கு எங்கே போவது? எண் எழுதிய சீட்டுகளை எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். பெரிய எண் வந்தால் எதிரிக்குப் பெரிய காயம்.

வாய்விட்டுச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும்தான் தூக்குவேன். ஆளுக்கொரு ஆயுதம் எடுக்கச் சொன்னபோது தம்பி குதித்துக்கொண்டு அரிவாள் என்றான். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கொல்லைப் பக்கம் பார்த்தேன். கொல்லைச் சுவருக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்தனாரின் மம்பட்டி ஜன்னல் வழியாகத் தெரிந்தது. "மம்பட்டி" என்றேன்.

அண்ணன் தாள்களைப் புரட்டினார். ஆயுதங்கள் அதில் மூன்று வகை. வெட்டுவது, குத்துவது, அடித்து நொறுக்குவது. எலும்புக்கூடு எதிரே வந்தால், அதற்குச் சதை இல்லாததால் வெட்டுக்கும் குத்துக்கும் பாதிக் காயம்தான். அடிக்கு மட்டும் முழுக் காயம். எங்கள் குகையில் முதலில் வந்து நின்றதே எலும்புக்கூடுதான்.

"இதுல மம்பட்டியே போடலையே பாப்பா" என்றார் அண்ணன்.

"வெட்டுதாண்ணே. அத வச்சுக் கிள்ளவா செய்வாங்க?" என்றான் தம்பி. அவன் அரிவாளுக்குப் பாதிதான் என்றதும், என்னுடையதும் பாதியாகிவிட வேண்டும் என்று அவனுக்கு அவசரம்.

அப்போதுதான், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த சித்தப்பா எழுந்து உட்கார்ந்தார்.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. எழுமலைப் பக்கம் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். வாய்க்கால் தண்ணீரை யார் முதலில் திருப்புவது என்று பக்கத்து வயல்காரரோடு சண்டையாகி, கையில் இருந்த மம்பட்டியால் அவர் தலையில் போட்டுவிட்டார். அந்த மனிதர் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். எப்போது கூப்பிட்டாலும் கூட்டிவருவதாக ஸ்டேஷனில் சொல்லிவிட்டு, அப்பா சித்தப்பாவை எங்கள் வீட்டில் வைத்திருந்தார். டாக்டர் எழுதுவது வெட்டுக்காயம் என்றால் பெரிய கேஸ். சித்தப்பா உள்ளே போக வேண்டும். பரீட்சை எழுதித் தேறியிருந்த அரசாங்க வேலையும் போய்விடும். அடிபட்ட காயம் என்றால் சின்ன கேஸ், பேசி முடிக்கலாம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. அப்போது எங்களுக்குச் சொல்லியிருந்தது, சித்தப்பாவும் லீவுக்கு வந்திருக்கிறார் என்பதுதான். அண்ணனுக்கும் ஊரில் ஏதோ தகராறு என்பதற்கு மேல் தெரியாது.

"திருப்பிப் பிடிச்சு அடிச்சா அடிதான்டா. அது வெட்டாகாது" என்றார் சித்தப்பா.

"அதெப்படி சித்தப்பா?" என்றார் அண்ணன்.

சித்தப்பா கொல்லைக்குப் போய் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சிமெண்டு உதிர்ந்தது. "இந்தா, இது பின்பக்கம். தொட்டுப் பாரு. கூரா இருக்கா? சொல்லுடா, இருக்கா?"

அண்ணன் சிரித்துக்கொண்டே தொட்டுப் பார்த்தார். அடுப்படியிலிருந்து வந்த அம்மா, சித்தப்பா கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். "அதக் கீழ வைங்க தம்பி" என்றாள், யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல.

"சரி சித்தப்பா, பின்பக்கம்னா அடி" என்று அண்ணன் ஒத்துக்கொண்டார். "ஆனா இம்புட்டு வகை எதுக்குன்னு ஹாஸ்டல்லயே சண்டைதான். இந்தக் கணக்குப் பாத்தே ஆட்டம் ஓட மாட்டேங்குதுன்னு பாதிப் பேரு சொல்றான். சீட்டுல வந்த நம்பர் மட்டும் போதும், வகையைத் தூக்கிருவோம்ங்கிறான்."

"தூக்கக் கூடாது. எதால அடிச்சான், எப்படி அடிச்சான்னு பாக்காம எல்லாம் ஒண்ணுன்னா, அது என்னடா நியாயம்?" சித்தப்பாவின் குரல் விளையாட்டுக்குத் தேவையானதைவிட உயர்ந்திருந்தது.

என் மம்பட்டிக்கு முழுக் காயம் கிடைத்துவிட்டது. எனக்காக ஒரு பெரியவர் இவ்வளவு வாதாடியது அதுவே முதல் தடவை. அந்தத் தைரியத்தில் நானும் ஒன்று கேட்டேன்.

"எலும்புக்கூடு மேல வந்து விழுறப்ப, திருப்பிப் பிடிக்க நேரம் இருக்குமா சித்தப்பா?"

அவர் மம்பட்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்துவிட்டு, கொல்லையிலேயே நின்றுகொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. ஆட்டத்தில் கேட்கக் கூடாத எதையோ கேட்டுவிட்டோம் என்று நினைத்து, அதற்குப் பிறகு நான் சீட்டு எடுப்பதோடு சரி.

ஒருநாள் அப்பா வெளியிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போனார். "அடின்னுதான் எழுதியிருக்காராம் டாக்டரு" என்றார். அம்மா சுவரில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேசரி கிண்டினாள். எனக்கும் தம்பிக்கும் ஒரே பெருமை. எங்கள் வீட்டுக் கூடத்தில் முடிவான விதியைப் பெரியாஸ்பத்திரி டாக்டரும் ஒத்துக்கொண்டுவிட்டார் அல்லவா?

சமாதானம் பேசுவதென்றால் முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று, ஒரு பை நிறையப் பழத்தோடு அப்பா சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்ததும் சித்தப்பா நேராகக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா கேட்டதற்கு அப்பாதான் சொன்னார்.

"அவருக்கு வலது கை தூக்க வரல. பேச்சும் கொழறுது. அவரு சம்சாரம் எங்கள ஒரு வார்த்தை சொல்லல. உக்காரச் சொல்லி ஸ்டூல இழுத்துப் போட்டுச்சு."

நாங்கள் டம்ளரைக் குலுக்கிக்கொண்டிருந்தோம். மறுபடியும் ஒரு எலும்புக்கூடு. அண்ணன் சித்தப்பாவை உற்சாகப்படுத்துவதற்காக, "உங்க கட்சிதான் சித்தப்பா. பின்பக்கம்னா அடி, முழுக் காயம்" என்றார்.

"அதெல்லாம் எடுத்துருடா" என்றார் சித்தப்பா. "வகை வேணாம். எதால விழுந்தா என்ன?"

தம்பி அரிவாளுக்கும் முழுக் காயம் என்று கைதட்டினான். எனக்கு அழுகை வந்தது. எனக்காக அத்தனை சத்தம் போட்டு வாங்கிக் கொடுத்ததை, டாக்டரே ஒத்துக்கொண்ட பிறகு, ஏன் அவரே பிடுங்குகிறார்? சீட்டை எடுத்துப் போட்டேன். பெரிய எண். எலும்புக்கூடு விழுந்தது.

"அப்புறம் அது என்னாகும்?" என்று கேட்டார் சித்தப்பா.

அண்ணனுக்கு விளங்கவில்லை. "எது சித்தப்பா? எலும்புக்கூடா? அது அம்புட்டுதான். நாம அடுத்த அறைக்குப் போயிருவோம்."

"அது அங்கயே கிடக்குமா?"

"ஆமா. அதப் பத்தி இதுல ஒண்ணும் போடல."

சித்தப்பா அந்தத் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனாலும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாகச் சித்தப்பாவுக்கும் ஆட்டம் பிடித்துவிட்டது என்று நினைத்து, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களோடு சேர்ந்து உட்கார அவருக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டேன்.