மீன் படித்துக் கணக்குக்கு வந்த லோகா

செய்தி லோகாவின் கைப்பேசியிலிருந்தே வந்தது. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்குத் தம்போயில் சாலை விளக்குக்காகக் காரை நிறுத்தியிருந்தேன். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அவள் பெயர், அவள் படம், கீழே ஒரே வரி: "லோகா தவறிட்டாங்க." ஆண்டு இறுதி வேலை நெருக்கும்போதெல்லாம் காய்ச்சல், வயிற்றுவலி, கார் டயர் என்று அந்தக் குழுவில் அவள் விடாத கதை இல்லை. இதுவும் அந்த வகை என்றே நினைத்தேன். "மொதல்ல ஸ்டாக் லிஸ்ட்ட முடி, அப்புறம் தவறலாம்" என்று எழுதி, சிரிக்கும் முகம் இரண்டு போட்டு அனுப்பினேன். விளக்கு பச்சையானது. பெர்மாஸ் ஜெயா பாலம் ஏறும்போது போன் அடித்தது. திரையில் அவள் பெயர். சிரித்துக்கொண்டேதான் எடுத்தேன். பேசியது அவள் கணவர் முரளி. "அக்கா, நான்தான் அனுப்பினேன். எங்கிட்ட யாரோட நம்பரும் இல்ல, அதான் அவ போன்லயே போட்டேன்" என்றார்.

பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, நான் அனுப்பியதை அழிக்கப் பார்த்தேன். அதற்குள் பதினொரு பேர் படித்திருந்தார்கள். முரளியும் படித்திருப்பார், போன் அவர் கையில்தானே இருந்தது.

முதல் நாள் மாலை ஐந்தரைக்கு ஒரு கணக்குக் கோப்பை என் மேசையில் வைத்துவிட்டு "பாய்க்கா" என்று படி இறங்கிப் போனவள். வீட்டில் குளித்துவிட்டு வந்து தலை வலிக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. இதை எழுதும்போதும் ஏதோ தவறான கோப்பில் தவறான பெயரை எழுதுகிறேன் என்றுதான் தோன்றுகிறது. இறந்தவரைப் பற்றி எழுதும்போது ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன், யாரோ ஒரு பெரிய மனுஷியைப் பற்றி எழுதுவது போல இருந்தது. அவள் என்றே எழுதுகிறேன். அவளை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறிந்தவர்களிடம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போவதற்கு மூன்று வாரம் முன்பு, கணக்கு வேலையை விட்டுவிட்டு மீனுக்கே திரும்பப் போகிறேன் என்று லோகா என்னிடம் சொன்னாள். போகாதே என்று தடுத்தவள் நான். அவளுக்கு மிச்சமிருந்தது மூன்றே வாரம், அதை நான்தான் அந்த மேசையில் கட்டிப்போட்டேன். செய்தி வந்த நாளிலிருந்து இந்த நினைப்பு என்னைச் சாப்பிட விடவில்லை, தூங்க விடவில்லை.

லோகேஸ்வரி எங்களிடம் வந்து பத்து ஆண்டுகள் ஆகின்றன. எங்களுடையது பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கும் சின்னக் கணக்குத் தணிக்கை நிறுவனம். அவள் கிழக்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் மீன் வளர்ப்பு படித்துப் பட்டம் வாங்கியவள். வேலைக்குச் சேர்ந்த மீன்குஞ்சு நிலையம் ஒரே வருடத்தில் மூடப்பட்டது. பிறகு தம்போயில் ஒரு தொழிற்சாலையில் பகல் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, மாலையில் கணக்கு வகுப்புக்குப் போயிருக்கிறாள். நேர்முகத்தில் எங்கள் முதலாளி சுந்தரம், "மீன் படிச்சிட்டு இங்க என்னம்மா செய்யப் போற?" என்று கேட்டார். "மீனுக்கு மார்க்கெட் இருக்கு சார். மீனப் படிச்சவங்களுக்குத்தான் இல்ல" என்றாள். அவர் சிரித்துவிட்டார், வேலையும் கொடுத்துவிட்டார்.

எனக்குப் பிடிக்கவில்லை. நான் குளுவாங்கில் பள்ளி முடித்த நாள் முதல் கணக்கைத் தவிர வேறெதையும் தொடாதவள். வேறெங்கும் கரையேற முடியாதவர்கள் வந்து ஒதுங்கும் இடமா இது என்று உள்ளுக்குள் பொருமினேன். என்னைவிட இரண்டே வயது இளையவள் முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டதும் பிடிக்கவில்லை.

சேர்ந்த இரண்டாவது மாதம் ஓர் உதிரிப்பாகக் கடையின் கணக்கை அவளிடம் கொடுத்தேன். மூன்று நாள் தலை நிமிராமல் உட்கார்ந்து போட்டாள். "டாலி ஆயிடுச்சுக்கா!" என்று கைதட்டினாள். வாங்கிப் பார்த்தேன். பற்று எல்லாம் வரவில், வரவு எல்லாம் பற்றில். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒன்றுவிடாமல் தலைகீழ். எல்லாமே தலைகீழாக இருந்ததால் இரண்டு பக்கமும் அச்சாகச் சமமாக நின்றது. பாதித் தவறு செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி முழுத் தவறு செய்தவளை அன்றுதான் பார்த்தேன். கத்த வாயெடுத்தவள் சிரித்துவிட்டேன், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு உட்கார்ந்து மூன்று நாள் வேலையையும் மறுபடி போட்டாள். அன்றிலிருந்துதான் அவளை எனக்குப் பிடித்துப்போனது.

அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு, அதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பட்டியலில் ஒரு பொருள் இருந்தால் அதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். நாங்கள் ரசீதைப் பார்த்துச் சரி போட்டுவிட்டுப் போவோம். அவள் எழுந்து போய்விடுவாள். ஒரு பட்டறையில் இரும்பு கடையும் இயந்திரம் ஒன்று ஆறு வருடமாகப் பட்டியலில் இருந்தது. "அது எங்கண்ணே?" என்று கேட்டாள். பட்டறைக்காரர் நுரைக்க ஆற்றிய தே தாரே தேநீர் வரவழைத்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். எல்லாவற்றையும் கேட்டு, தே தாரேயையும் குடித்து முடித்துவிட்டு, "சரிண்ணே, இப்ப போயி பாத்திடுவோமா?" என்றாள். இயந்திரம் பழைய இரும்புக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. அதே பட்டியலில் நான்கு முறை கையெழுத்துப் போட்டவள் நான். காரில் வரும்போது, "எறங்கிப் பாக்காம இருக்குன்னு எழுதக் கூடாதுக்கா" என்று மட்டும் சொன்னாள். குத்திக்காட்டவில்லை. எனக்குத்தான் குத்தியது.

குளுவாங் போகும் வழியில் இருக்கும் மீன் பண்ணைக்கு நாங்கள் முதன்முதலாகப் போனது நான்கு வருடங்களுக்கு முன்பு. திலாப்பியா வளர்க்கும் பண்ணை. முதலாளி லிம் என்ற சீனர். குளத்து மீனை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. சில இடங்களில் வலை வீசி, அகப்பட்டதை எடை போட்டு, போட்ட தீவனத்தோடு ஒப்பிட்டு, இத்தனை இருக்கும் என்று கணிக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு நான் கோப்பைத் திறந்துகொண்டிருந்தேன், லோகா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்குது. தண்ணியில காத்து இல்ல" என்று சொன்னவள் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரம் மின்சாரம் போய் நின்றிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. பண்ணை ஆட்களைக் கத்திக் கூப்பிட்டு, காலணியோடு சேற்றில் இறங்கி, அடுத்த குளத்திலிருந்து குழாயை இழுத்துத் தண்ணீரைப் பீய்ச்ச வைத்தாள். பத்துப் பதினைந்து மீன்கள்தான் செத்தன. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் குளமே போயிருக்கும் என்றார் லிம்.

சுந்தரம் சாருக்கு அது பிடிக்கவில்லை. "கணக்குப் பாக்கப் போனா கணக்க மட்டும் பாக்கணும். நீயே காப்பாத்தி நீயே எண்ணினா நாளைக்கு யாரும்மா நம்புவா?" என்றார். அவர் சொன்னது தொழில்படி சரி. "சரி சார்" என்றாள் லோகா. இடுப்புவரை சேறு காய்ந்திருந்தது. பத்து வருடத்தில் அவள் முகத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நான் விரும்பவில்லை என்று சொல்வதுதான் நேர்மை.

தொழில்முறைக் கணக்காளர் தேர்வுகளுக்கு அவளை விடாப்பிடியாக எழுதவைத்தவளும் நான்தான். ஒவ்வொரு தாளாகத் தாண்டி வந்தாள். கடைசித் தாள் மட்டும் காலை வாரிக்கொண்டே இருந்தது. மூன்று முறை எழுதிவிட்டாள்.

போவதற்கு மூன்று வாரம் முன்பு அந்த வெள்ளிக்கிழமை, எங்கள் மாடிக்குக் கீழே இருக்கும் மாமாக் கடை என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடும்போது சொன்னாள். "அக்கா, லிம் கூப்பிடறாரு. மீன்குஞ்சுப் பக்கம் முழுசும் என்னையே பாத்துக்கச் சொல்றாரு. போலாம்னு நெனைக்கறேன்."

"அலமாக்! பைத்தியமா லா உனக்கு? பத்து வருஷம்! ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி. இப்பப் போயி சேத்துல நிக்கப் போறியா?"

"சேறு எனக்குப் பிடிக்கும்க்கா."

"பிடிக்கும்னு வேலைக்குப் போற வயசா இது? சம்பளம் கொறையும். வீட்டுக் கடன் யாரு கட்டுறது? மறுபடியும் அது மூடிட்டா என்ன பண்ணுவ, மறுபடியும் ஃபேக்டரியா?"

அவள் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தாள். பிறகு, "சரிக்கா. நீங்க சொன்னா சரிதான்" என்றாள்.

"அந்தக் கடைசி பேப்பர் பரீட்சைக்குப் பேரு கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்க்கா."

மேலே போய்ச் சுந்தரம் சாரிடம், "போறேன்னா சார், பிடிச்சு நிறுத்திட்டேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

செத்த வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. கூடத்தில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். ‘எழுந்திரு லோகா, ஆளுங்கல்லாம் வந்துட்டாங்க’ என்று வாய் வரை வந்துவிட்டது. முரளியின் முகத்தைப் பார்க்க முடியாமல், பின்னால் போய் நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகத்துக்குத் திரும்பிய முதல் நாள் மாமாக் கடையில் பால் சேர்க்காத தே ஓ இரண்டைப் பையில் கட்டி வாங்கிக்கொண்டு படி ஏறினேன். மேலே வந்த பிறகுதான் இரண்டாவது யாருக்கு என்று விழித்தேன். அவள் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து இரண்டையும் நானே குடித்தேன். இங்கேதான் நீ சாகும்வரை உட்கார வேண்டும் என்று நான்தான் சொன்னேன், அவளும் அப்படியே செய்துவிட்டாள் என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ‘அதெல்லாம் விதி’ என்பார்கள், அதைக் கேட்கும் பொறுமை எனக்கு இல்லை.

பதினாறாம் நாள் படையலுக்கு லிம் வந்திருந்தார். முரளி என்னை அறிமுகம் செய்தார். "ஓ, நீங்கதானா விமலா" என்று மலாயில் சொல்லிவிட்டு ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவள் படத்தின் பக்கம் திரும்பி, "முதல் தேதி வந்திருக்க வேண்டியவள்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "யார்?" என்றேன்.

"லோகாதான். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து என்னிடம் வேலை. உங்களுக்குத் தெரியாதா? கடிதத்தில் கையெழுத்தே போட்டுவிட்டாளே."

அப்போதும் நான் கேட்டது, "எந்தத் தேதியில் போட்டாள்?" என்றுதான். தேதி கேட்பது எங்கள் தொழில் வியாதி. அவர் கைப்பேசியில் அந்தக் கடிதத்தின் படத்தை எடுத்துக் காட்டினார். அவள் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும், கடைசி எழுத்தை இழுத்து விடுவாள். கீழே தேதியிட்டிருந்தாள். மாமாக் கடையில் நாங்கள் பேசிய வெள்ளிக்கிழமைக்கு மறுநாள், சனிக்கிழமை.

முரளி தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்ககிட்ட சொல்லணும்னு நாலு தடவ போன எடுத்தாக்கா. கத்துவீங்கன்னு வச்சிட்டா. ஆபீஸ்லயும் மாசக் கடைசியிலதான் சொல்லணும்னு இருந்தா. அந்தப் பேப்பருக்கும் பேரு கட்டல."

எனக்குக் கோபம் வந்தது. என் முகத்துக்கு நேரே பொய் சொல்லியிருக்கிறாள், குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே. போன பிறகு ஒருத்தி மேல் இத்தனை கோபம் வரும் என்று நான் நினைத்ததில்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் அழுகை வந்தது, பதினாறு நாள் கழித்து முதல்முறையாக. எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. அவள் அந்தப் பண்ணைக்குப் போய்ச் சேரவில்லை, முதல் தேதியைப் பார்க்கவே இல்லை. அதை எதைக் கொண்டும் சரிக்கட்ட முடியாது. பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவள் தன் வாழ்க்கையின் நல்ல செய்தியை என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறாள். அந்தக் குற்றம் என்னுடையது, அதை நான்தான் சுமக்க வேண்டும்.

இப்படி நினைவஞ்சலி எழுதுகிறவர்கள் இறந்தவரிடமிருந்து தாங்கள் எதை வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி முடிப்பார்கள். அவளுடைய சிரிப்பு, நேர்மை, உழைப்பு எல்லாம் உங்களிடமும் இருக்கிறது. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். அந்த மூன்று வாரமும் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தது நான் பிடித்து நிறுத்திய லோகா இல்லை, போவதென்று முடிவு செய்துவிட்ட லோகா. அவள் என் பேச்சைக் கேட்கவில்லை.