குரங்கணிக் கல்லில் கிடைத்த சிப்பி

என் பேத்தி போன மாதம் குரங்கணி ஏறிவிட்டு வந்து இந்தப் பக்கத்தில் படம் போட்டிருந்தாள். அதன் கீழே ஒருவர், "இந்த மலையில் கடல் சிப்பி கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். பேத்திக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் ஐந்தாவதோடு நின்றவள்தான். ஆனால் 1983-ல், பொங்கல் முடிந்த வாரம், அதற்காகவே அந்த மலைக்குப் போய் வந்தேன். அதுவும் இரண்டு தடவை.

என் தங்கச்சி கனகா அப்போது வெளியூரில் ஜியாலஜி ஆராய்ச்சி படித்துக்கொண்டிருந்தாள். இமயமலையிலிருந்து வந்த கறுப்புக் களிக்கல்லை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மாவுச் சல்லடையை விடச் சன்னமான சல்லடையில் அலசுவாள். தங்குகிற தூளில் கடுகை விடப் பொடிசான சிப்பிகள் இருக்கும். கடலடி மண்தான் மேலே ஏறி மலையானது என்பாள். அதை வைத்துக் கல்லின் வயதை எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன்.

"கல்யாண போட்டோவுல ரவிக்கைக் கையைப் பாத்தே எந்த வருசம்னு சொல்லுவேல்லக்கா? சிப்பிக்கும் காலத்துக்கு ஒரு தினுசு உண்டு. அந்தக் கல்லுக்குப் பத்துக் கோடி வருசம்."

அவளுடைய வாத்தியாருக்கு மட்டும் ஒரு சந்தேகம். வேறு எங்கோ இருந்த சிப்பி சல்லடையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால்? அதனால், "உங்க ஊர் மலைக்கல் பூமிக்குள்ள வெந்து வந்தது. சிப்பி கட்டுற உயிரே உலகத்துல இல்லாத காலத்துக் கல். அதை இதே சல்லடையில அலசிப் பார். ஒண்ணுமே வரக்கூடாது. வந்தா இந்த ரெண்டு வருச வேலையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்" என்று சொல்லி, ஒரு மைக்ராஸ்கோப்பையும் கொடுத்து அனுப்பியிருந்தார்.

காலை ஆறு மணிக்குப் போடியில் ஜீப்பு ஏறினோம். குரங்கணி பதினாறு கிலோமீட்டர், ஆளுக்கு மூன்று ரூபாய். ஓட்டியவர் என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறையான முருகேசன்.

"ஏலக்கா லோடு ஏத்துற வண்டி மதினி. கல்லு பொறக்க ஆள் ஏறுறது இன்னிக்குத்தான்."

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு. நீயும் கல்லுல கொண்டுபோய் விட்றாத."

நாங்கள் கொண்டுபோன சாக்கில் ஏலக்காய்த் தூசி இருந்ததால் கனகா வேண்டாம் என்றாள். முருகேசன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து நீட்டினார். "தொவைச்ச பை ஆத்தா, நம்பி வாங்கிக்க."

குரங்கணியிலிருந்து கோவேறு கழுதைகள் போகிற பாதையில் ஒரு மணி நேரம் ஏறினோம். இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம். ஒரு வளைவில் பாறை மக்கி, கையால் பிசைந்தாலே உதிர்ந்தது. அங்கேதான் அள்ளினாள். என் உள்ளங்கையிலும் கொஞ்சம் வைத்தாள். சாதாரண செம்மண் மாதிரிதான் இருந்தது. அது கல்லாக உருவான காலத்தில் ஒரு மீன் கூட இல்லை, ஒரு புல் கூட இல்லை என்றாள். எனக்கு அதைக் கீழே கொட்ட மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஊறவைத்து, அலசி, காயவைத்து, இரண்டு நாள் கழித்து ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தோம். அவள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது நான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். கண்ணாடித் துண்டுகள் மாதிரி இருந்த மணலுக்கு நடுவே நத்தைபோலச் சுருண்டு, வெள்ளையாய் ஒன்று.

"கனகா, சிப்பிடி. நம்ம மலையும் கடலுக்குள்ள இருந்திருக்கு" என்றேன். பூரித்துப் போயிருந்தேன். அவள் வந்து பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாத்தியார் சொன்னது எனக்கு உறைத்தது.

பிறகு இமயமலைச் சிப்பி ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தாள். அது சாம்பல் நிறம், உள்ளே கல் அடைத்திருந்தது. இதுவோ வெளிச்சம் ஊடுருவுகிற வெள்ளை. "இது கல்லுல இருந்தது இல்லக்கா. நேத்துச் செத்தது மாதிரி இருக்கு. கடலே இல்லாத ஊர்ல எங்கிருந்து வந்துச்சு?"

சாயங்காலம் முருகேசன் பையைத் திருப்பி வாங்க வந்தார்.

"இந்தப் பையில முன்னாடி என்ன வச்சிருந்தீங்க?" என்று கனகா கேட்டாள்.

"அப்பாவுக்குத் திதி குடுக்க ராமேசுவரம் போனப்ப, சாமி ரூம்புல வைக்கக் கடற்கரை மண்ணு அள்ளிட்டு வந்தேன். ஏன் ஆத்தா?"

கனகா பையைத் திருப்பித் தையலை உதறினாள். ஒரு சிட்டிகை மணல் விழுந்தது. அதைக் கண்ணாடிக்கு அடியில் வைத்ததும் அதே சுருள் சிப்பிகள், நாலைந்து. முருகேசனையும் பார்க்கச் சொன்னாள். பேச்சு ஓயாத மனுசன், கண்ணை எடுக்கவே இல்லை.

"இம்புட்டு நாளா மண்ணுன்னுல கும்பிட்டேன்" என்றார் கடைசியில்.

மறுநாள் அவரே எங்களைத் திரும்ப ஏற்றிப் போனார். இந்தத் தடவை கொதிநீரில் அலசிய தூக்குச்சட்டியில் அள்ளி வந்தோம். அதே சல்லடையில் அலசிக் காயவைத்த தூளைக் கனகா ஓரம் ஓரமாக நகர்த்தி முழுசாகப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தோம். ஒன்றுமே இல்லை. ஒன்றும் கிடைக்காததற்காக அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன்.

ஆக, கேட்டவருக்குப் பதில்: கிடைக்காது. சிப்பிகளுக்கும் மூத்த மலை அது. இப்போது மேலே ஏற வனத்துறை அனுமதி வேண்டும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முன்னால் வெரசா கிளம்புங்கள். பாறையை உடைக்காதீர்கள். உதிர்ந்து கிடப்பதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். அதில் சிப்பி ஒன்று கண்ணில் பட்டால், கொண்டுபோன பையை ஒரு தடவை உதறிப் பாருங்கள்.