சப்பாத்தி வேறு சீட்டுக்குப் போனது

போன ஓணம் விடுமுறையில், திருவனந்தபுரத்தில், சாப்பிட்டுக்கொண்டே படம் பார்க்கும் தியேட்டர் ஒன்றுக்கு நான், அம்மா, அப்பா மூவரும் போயிருந்தோம். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. அப்பா இன்சுலின் போட்டுக்கொண்டார்.
2. தன் சீட்டை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தார்.
3. அப்பாவின் சப்பாத்தி அந்த இன்னொருவருக்குப் போனது.
4. எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்ததாக என் போன் சொன்னது.
5. அப்பா தியேட்டரை பஸ் என்று நினைத்தார்.

நான் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள். ஏதாவது பழுதானால், எதற்குப் பின் எது நடந்தது என்று எழுதிப் பார்ப்பேன். மேலே இருப்பதில் முதல் நான்கு வரிகளும் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணம்தான்.

அந்தத் தியேட்டரில் சீட்டுகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒரு ஜோடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் உயரமான தடுப்பு. கால் நீட்டிச் சாய்ந்துகொள்ளலாம், போர்வைகூடத் தருவார்கள். "இதென்னடி, ஆஸ்பத்திரிக் கட்டிலாட்டம்!" என்றாள் அம்மா. கைப்பிடியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்து ஆர்டர் கொடுத்தால், சாப்பாடு அந்த சீட்டுக்கே வரும். நானும் அம்மாவும் ஒரு ஜோடியில் உட்கார்ந்தோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா.

மூவருக்கும் ஆர்டர் கொடுத்தேன். தயாராகிறது என்று போனில் வந்ததும் அப்பா எழுந்து போய் இன்சுலின் போட்டுக்கொண்டு வந்தார். சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போடுவது அவர் வழக்கம். போட்ட பிறகு சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கி, நினைவு தப்பும் அளவுக்குப் போகலாம். எங்கள் மூவருக்கும் இது தெரியும்.

படம் தொடங்கும் நேரத்தில் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். மனைவிக்கு அப்பாவின் பக்கத்து சீட், கணவருக்கு எங்கோ கீழ் வரிசையில். அப்பா உடனே எழுந்துவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்திருந்து பாருங்கோ. எனக்கு எங்கேயானாலும் ஒண்ணுதான்." என்னைப் பார்த்து, "நான் கீழே இருக்கேன், கேட்டியா" என்றார். தலையாட்டினேன். சாப்பாடு ஆளைத் தேடி வராது, சீட்டைத் தேடித்தான் வரும் என்பது அந்த நொடியில் எனக்குத் தோன்றவே இல்லை.

விளக்கு அணைந்தது. எங்கள் தோசையும் வடையும் வந்தன. போனில் மூன்று ஆர்டருக்கும் பச்சை டிக் விழுந்தது. நான் நிம்மதியாகப் படத்தில் மூழ்கிவிட்டேன்.

வெகுநேரம் கழித்து அம்மா என் கையை இடித்தாள். "இந்த வடை நன்னா இருக்கு. அப்பாக்கு ஒண்ணு குடுத்துட்டு வா."

"இன்டர்வெல் வரட்டும்மா."

"ஆறிப்போனா பின்னே எதுக்குடி? போ."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனேன். அப்பாவின் முன்னால் இருந்த சிறிய மேசை காலியாக இருந்தது. தோளைத் தொட்டேன். அத்தனை ஏசியிலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"அப்பா, சாப்பிட்டாச்சா?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இந்த பஸ்ஸை ஏன் எடுக்கவே மாட்டேங்கறான்? கிழக்கேகோட்டை வந்தா சொல்லு" என்றார்.

வடை உதவாது, இனிப்பு வேண்டும், அதுவும் விழுங்கத் தெரிகிற நினைவு இருக்கும்போதே வேண்டும். இருட்டில் நின்றபடி, அப்பாவுக்கு ஷுகர் இறங்கிவிட்டது, இனிப்பாக ஏதாவது கொடுங்கள் என்று மலையாளத்தில் கத்தினேன். யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். ஒரு கை பாப்கார்னை நீட்டியது. இன்னொரு கை நீட்டிய கோலா டின்னை போன் வெளிச்சத்தில் பார்த்தேன். சர்க்கரை இல்லாதது.

அப்போது அப்பாவின் சீட்டை ஒட்டிய தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்தார். கையில் பாதி குடித்த லைம் ஜூஸ். "நல்ல மதுரமுண்டு மோளே. பட்சே ஞான் குடிச்சதின்டெ பாக்கியா" என்று தயங்கினார். நன்றாக இனிக்கும், ஆனால் நான் குடித்த மிச்சம் என்கிறார்.

அதற்குள் அம்மாவும் வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் தம்ளரை உதட்டில் வைத்துக் குடிக்கும் வழக்கமே கிடையாது. எச்சில் விஷயத்தில் அப்பா கறார், அம்மா அவரைவிடக் கறார். அப்பேர்ப்பட்ட அம்மா யோசிக்காமல் தம்ளரை வாங்கி, ஸ்ட்ராவை அப்பாவின் வாயில் வைத்தாள்.

"உறிஞ்சுங்கோ."

அந்த நிலையிலும் அப்பா முகத்தைத் திருப்பினார். "இது யாரோடது?"

"நம்மளோடதுதான்னா. குடிங்கோ."

குடித்தார். கடைசிச் சொட்டு வரை அம்மா விடவில்லை. தியேட்டர் ஊழியர் டார்ச்சோடு ஓடி வந்தார், சர்க்கரை கலந்த தண்ணீரும் வந்தது. அந்தப் பெண்மணி படத்தை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து, அப்பாவின் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து எங்களை எல்லாம் பார்த்தார். "என்னத்துக்கு எல்லாரும் என்னையே பாத்துண்டிருக்கேள்? படத்தைப் பாருங்கோ."

பின் வரிசையில் சிரித்துவிட்டார்கள். அம்மா அழுதுவிட்டாள்.

இடைவேளையில் அந்த இளம் தம்பதி முகம் வெளிறி வந்தார்கள். மனைவி ஆர்டர் செய்தது என்று கணவரும், கணவர் ஆர்டர் செய்தது என்று மனைவியும் நினைத்துக்கொண்டு, சப்பாத்தியைப் பகிர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். "சாரி அங்கிளே" என்று கணவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டபோது அப்பா கேட்டது ஒன்றுதான்: "குருமா எப்படி இருந்தது?"

இப்போதைய நிலவரம் இது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வெளியே போகும்போது தட்டு முன்னால் வந்த பிறகே அப்பா ஊசி போட்டுக்கொள்கிறார். எங்கள் மூவர் பையிலும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. பச்சை டிக்கை நான் இன்னும் நம்புகிறேன், ஆனால் எழுந்து போய் ஆளையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். லைம் ஜூஸ் கொடுத்த பெண்மணிக்கு வாரம் ஒருமுறை அம்மா போன் செய்கிறாள். இவள் தமிழிலும் அவர் மலையாளத்திலும் நெடுநேரம் பேசுகிறார்கள். அப்பா நன்றாக இருக்கிறார்.