கோல்கீப்பர் ரக்பி ஆடிய பதினான்கு நிமிடங்கள்

ஜரீனா ஆடிய ஆட்டத்தை அவள் ஆடவே இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை அவள் டெங்குவில் இறந்துபோனாள். வயது இருபத்தாறு. மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டில் எனக்குச் செய்தி வந்தது. கூட்டம் இடித்துக்கொண்டு போனது. நான் அங்கேயே நின்றேன்.

எங்கள் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர் அவள். தி.நகர் துணிக்கடை ஒன்றில் புடவைப் பிரிவில் வேலை. கால்பந்தில் வழி அடைபட்டதும் எங்களில் சிலர் ரக்பிக்குப் போனோம். ஏழு பேர் ஆட்டம், மொத்தம் பதினான்கு நிமிடம் என்று அவளிடம் சொன்னேன்.

“அவ்ளோதானா? கடையில ஒரு அக்கா பார்டர் பாத்து முடிக்கவே அத்த விட ஜாஸ்தி ஆவும் மச்சி.”

பெசன்ட் நகர் மணலில் முதல் நாளே, உயரமாக வந்த பந்தை எகிறிப் பிடித்தாள். அப்படி எங்களில் யாரும் பிடித்ததில்லை. பிடித்த வேகத்தில், கீப்பர் பழக்கத்தில், முன்னால் நின்ற எனக்கு வீசினாள். ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி வீசக் கூடாது. பின்னால் வருபவருக்குத்தான் கொடுக்கலாம். அன்று முழுக்க அதே தப்பு, அதே விசில்.

“இன்னா கேம் இது? நாம முன்னால ஓடணுமாம், பந்த மட்டும் பின்னால தரணுமாம்!”

கால்பந்துக்காரர்கள் ரக்பியில் தேறியிருப்பார்களா என்று பயிற்சி முடிந்ததும் வாதம் நடக்கும். உலகப் பெயர்களெல்லாம் அடிபடும். அவள் தீர்ப்பு ஒன்றுதான்: “கீப்பருங்க தேறுவாங்க. மத்ததுங்க தொட்டாலே உருளும். இவ கீறாளே, தொடக்கூட வேணாம், காத்தடிச்சாலே பெனால்டி கேப்பா.” ‘இவ’ என்றது என்னை; கால்பந்தில் நான் ஓரத்தில் ஓடும் விங்கர்.

பயிற்சி முகாமுக்குக் கடையில் லீவு தராததால் மாநிலப் போட்டிக்கான பட்டியலில் அவள் இல்லை. இறுதி ஆட்டத்தன்று எங்களில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. கூப்பிட்டோம், கடையில் சொல்லாமலே வந்துவிட்டாள். “ஆடட்டும், பேரை அப்புறம் சேத்துக்கலாம்” என்றார் ரக்பி சங்க அதிகாரி.

எதிரணியில் ஒருத்தி, எங்கள் இருவரைச் சேர்த்தது போன்ற உடம்பு, மூன்று முறை தனியாகப் பாய்ந்து வந்தாள். கோலை விட்டு வெளியேறும் கீப்பரைப் போல ஜரீனா மூன்று முறையும் குறுக்கே போய் இடுப்பைக் கட்டிச் சாய்த்தாள். கடைசி நிமிடத்தில் பந்து வானத்திலிருந்து இறங்கியது. பிடித்தாள். முன்னால் வீசுவதற்குக் கை உயர்ந்தது. கை பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் நான் ஓடி வந்துகொண்டிருந்தேன். என்னிடம் தந்த அந்தப் பந்தில்தான் ஜெயித்தோம். பத்து வருடம் உடம்பில் ஊறியதை ஒரு நொடியில் நிறுத்த முடியும் என்று அதற்குமுன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பெயரை யாரும் சேர்க்கவில்லை. சான்றிதழ் கிடைத்திருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பித்திருப்பாள். சங்க அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். “பட்டியல்ல இல்லையேம்மா” என்றார்கள். “புச்சா ஒண்ணும் கேக்கல சார். ஆடுனத ஆடுனேன்னு எழுதச் சொல்றேன்” என்றாள்.

அவளோடு ஆடியவர்களே, பாதியில் நின்ற அந்தக் கையை நான் வைத்துக்கொள்கிறேன். மற்றது, அந்தச் சான்றிதழ், ‘அம்மி’ என்று அவள் கூப்பிட்ட அம்மாவிடம் போய்ச் சேர வேண்டியது.

மேற்கு மாம்பலத்தில் அவள் வீட்டுக்கு அந்த அதிகாரியும் வந்தார். படத்துக்கு மாலை போடும் வழக்கமே இல்லாத வீட்டில், மாலையும் கையுமாக நின்று சுவரில் படத்தைத் தேடினார்.

“மாலை வேணாம் சார். பட்டியல்ல அவ பேர எழுதுங்க” என்றேன்.

அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்தார்.

“எழுதுங்க சார்!”