தொட்டியில் எழுந்த குமிழ்கள்

மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று மருமகன் போனில் சொன்ன நேரம், வீட்டில் இருந்த ஒரே கார் மூக்கில்லாமல் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் சூட்டைத் தணிக்கும் அதன் ரேடியேட்டர் தொட்டியம்மாவின் மேசைமேல் தனித்தனியாகக் கிடந்தது. நடுவில் அலுமினியக் கூடு, பக்கத்தில் அதிலிருந்து கழற்றிய பிளாஸ்டிக் டேங்க்.

தெருவே அவளைத் தொட்டியம்மா என்றுதான் கூப்பிடும். பட்டறை நடுவில் ஒரு சிமெண்ட் தொட்டி வைத்திருந்தாள். எந்த ரேடியேட்டர் வந்தாலும் அதில் முக்கி, காற்றை ஏற்றி, குமிழ் வருகிறதா என்று பார்க்காமல் வெளியே விடமாட்டாள். கல்யாணத்துக்கு முன் கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தவள்தான். கட்டிக்கொண்டவரிடம் பட்டறை இருந்தது, பொறுமை துளியும் இல்லை. "எனக்கு ஓட்டத்தான் வரும், நீயே பாத்துக்கோ" என்று அவர் டாக்ஸி ஓட்டப் போனார். இவள் ஸ்பானரைக் கையில் எடுத்தாள். அன்று எடுத்ததுதான், இன்னும் கீழே வைக்கவில்லை.

ஊரார் வண்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தவள், அவர் டாக்ஸியாக ஓட்டும் சொந்த வண்டியில் கோட்டை விட்டாள். மகள் பட்டம் வாங்கிய அன்று மலைப்பாதையில் அது கொதித்து நின்றுவிட்டது. கணவனும் மனைவியும் போய்ச் சேர்ந்தபோது அங்கே விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மகள் திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். "கொழந்த பொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிப்பேன்டி, பாரு" என்று இந்த முறை வாக்குக் கொடுத்திருந்தாள். இன்னும் நாள் இருக்கிறதே என்ற தைரியத்தில்தான், லேசாகக் கசிந்த ரேடியேட்டரைப் பிரித்துப் போட்டாள். குழந்தை இவளைக் கேட்டுக்கொண்டா வரும்?

"பேசாம பஸ்ல போயிடலாமா?" அவள் கணவரான டாக்ஸிக்காரர் ஓரிடத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு சாயங்காலம்தான். வாய மூடிக்கிட்டு இதப் பிடிங்க."

கசியாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கட்டைக் கூட்டின் பள்ளத்தில் நீவி நீவி உட்காரவைத்தாள். அதில் ஒரு முறுக்கு விழுந்தாலும் போச்சு. மேலே டேங்கை வைத்து அமுக்கி, ஓரத்து அலுமினியப் பற்களை இங்கே ஒன்று, எதிரே ஒன்று என்று மாற்றி மாற்றி மடக்கினாள். ஒரே பக்கமாக மடக்கிக்கொண்டு போனால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். அந்தப் பற்கள் ஏற்கெனவே ஒருமுறை நிமிர்ந்து மடங்கியவை. திரும்பவும் நிமிர்த்தினால் பட்டென்று ஒடிந்துவிடும். ஒடிந்தால் இன்றைக்கு வண்டி கிடையாது.

"ஆச்சா? ஆச்சா?"

"நீங்க ஆச்சா ஆச்சான்னா ஆயிடுமா?"

மேல்குழாயில் காற்றை மாட்டி, கீழ்க்குழாயை ரப்பரால் அடைத்து, தண்ணீர் ஊற்றும் வாயை மூடினாள். வாயோரத்தில் பென்சில் பருமனில் இன்னொரு சின்னக் குழாய் உண்டு. டாக்ஸிக்காரர் பட்டறையில் இருந்தால் அதைக் கட்டை விரலால் பொத்துவது அவர் வேலை. அதற்கும் ஒரு ரப்பர் மூடி வைத்திருந்தாள், அவர்தான் கிட்டவே விடமாட்டார். "என் வெரல் இருக்கும்போது மூடி எதுக்கு?" என்பார். அத்தனை பெருமை!

இருவருமாக அதைத் தொட்டியில் முக்கினார்கள். அலை அடங்கியது.

பொளக். பொளக். மடிப்போரமாகக் குமிழ்கள் வரிசை கட்டி வந்தன.

டாக்ஸிக்காரர் குனிந்து பார்த்தார்.

"கொஞ்சூண்டுதானே! கேன்ல தண்ணி எடுத்துக்கறேன், ஊத்தி ஊத்திப் போயிடலாம்."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க!"



பற்களைப் பிரிக்கக் குறடு ஒன்றைக் கையில் எடுத்துவிட்டாள். எடுத்த கை அப்படியே நின்றது. குமிழ் எட்டிப்பார்க்கிற இடத்தில்தான் ஓட்டை என்று நம்பி அவள் எத்தனை முறை சூடு பட்டிருக்கிறாள்! அது எங்கோ கிளம்பி, அடியில் ஊர்ந்து, வேறெங்கோ தலைகாட்டும்.

"இருங்க. திருப்பிப் போடலாம்."

திருப்பினார்கள். இப்போது மடிப்போரத்தில் ஒன்றையும் காணோம். குமிழ்கள் டாக்ஸிக்காரரின் மணிக்கட்டை உரசிக்கொண்டு மேலே வந்தன. தண்ணீருக்குள் குனிந்து பார்த்தாள். சின்னக் குழாயைப் பொத்தியிருந்த கட்டை விரல் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, கை ஏன் இப்படி நடுங்குது?"

"எங்க நடுங்குது? ஒண்ணும் நடுங்கல." குரலும் சேர்ந்து ஆடியது. "அவளுக்கு வலிக்குதாம்... பொறந்தப்ப இந்தக் கைலதான அவள வாங்குனேன்."

அவர் கையை விலக்கிவிட்டுத் தன் விரலை வைத்தாள். தண்ணீர் அடங்கியது. காத்திருந்தாள். ஒரு குமிழ்? ம்ஹூம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடியும் திருப்பி, எங்கும் இல்லை!

"ஐயோ, ரேடியேட்டர் கல்லு மாதிரி இருக்குங்க! தாத்தாதான் ஒழுகுறாரு!"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அதன்பிறகு மாட்டியதும் தண்ணீர் ஊற்றியதும் வண்டியைக் கிளப்பியதும் ஒரே ஓட்டம்.

மலைப்பாதையில் அவள் மரத்தையும் பார்க்கவில்லை, பள்ளத்தையும் பார்க்கவில்லை. சூடு காட்டும் முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தாள். போன முறை மாட்டிக்கொண்ட வளைவு வந்தது. முள் நடுவை விட்டு அசையவில்லை. வளைவைத் தாண்டியதும் டாக்ஸிக்காரர் காரணமே இல்லாமல் ஹாரனை அடித்துத் தீர்த்தார்.

ஆஸ்பத்திரியில், பிரசவ அறைக்குள் கொண்டுபோகத் தயாராக மகள் தள்ளுகட்டிலில் படுத்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் வலியோடு தலையைத் தூக்கினாள்.

"அம்மா! வண்டி நிக்கலையா?"

"நிக்கலடி. வந்துட்டேன் பாரு."

மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கிரீஸ் போகாத அந்தக் கையை, கதவு வரைக்கும் விடவில்லை.

பொழுது சாய்வதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்ததும் டாக்ஸிக்காரர் பயந்து பயந்து விரலை நீட்டினார். குழந்தை அந்தக் கட்டை விரலைக் கப்பென்று பற்றிக்கொண்டது.

தொட்டியம்மா அதன் காதருகே குனிந்தாள்.

"நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கோடி கண்ணு. உங்க தாத்தா வெரல நம்ப முடியாது."