அக்காவின் சீட்டில் விழுந்த பெயர்

எங்கள் அக்காவுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று பதினைந்து நாள் நம்பினேன். அந்த முட்டாள்தனத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்யாணமே செய்துகொள்ளாமல், முப்பத்து நாலு வருடம் கன்னிகாஸ்திரீகள் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த அக்காவைப் பற்றி அப்படி நம்பியவன், அவருடைய ஒரே தம்பியான நான்தான். உறவினர்கள் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும், "இவன் எழுதியிருக்கானா? அப்ப வெளங்கினாப்புலதேன்" என்பார்கள். சரியாகத்தான் சொல்வார்கள்.

அக்கா பண்ணைப்புரத்தில் பிறந்தார். அப்பா திராட்சைத் தோட்டங்களில் கொடிப்பந்தல் கட்டும் வேலை செய்தவர். ஒருநாள் பந்தலிலிருந்து விழுந்து படுத்தவர் மீண்டும் எழவில்லை. அம்மா ஏலக்காய் எடுக்க மலைக்குப் போனார். அக்காவை உத்தமபாளையத்தில் மடத்து விடுதியில் சேர்த்தார்கள். அங்கேயே தங்கிப் படித்து, பட்டம் வாங்கி, மதுரையில் ஒரு வருடம் பி.எட். முடித்து, அதே பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகத் திரும்பி வந்தார். அந்தச் சம்பளத்தில் என்னைப் படிக்க வைக்கப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் தோற்ற ஒரே காரியம் அதுதான். நான் கம்பத்தில் பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றுகிறேன்.

அக்காவிடம் பொய் நிற்காது, சந்திப்பிழையும் நிற்காது. சொந்தக்காரர் கொண்டுவந்து வைக்கும் கல்யாணப் பத்திரிகையைச் சிவப்பு மையால் திருத்தி, கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். மொய் எழுதாவிட்டாலும் மன்னித்த எங்கள் சித்தப்பா, பத்திரிகையில் ஒற்று மிகாததற்கு வாங்கிய திட்டை மறக்கவே இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் உத்தமபாளையத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் தனியாகவே இருந்தார். "கம்பத்துக்கு வந்துருக்கா" என்று கூப்பிட்டால், "ஒன் மோட்டார் சத்தத்துல நான் எங்கன தூங்குறது?" என்பார்.

கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டே நாள். நெஞ்சுவலி என்று தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் விடிகாலையில் அறுபத்து மூன்று வயதில் போய்விட்டார். அங்கிருந்து நேராகக் கம்பத்தில் என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம்.

அன்று காலை, வாசலில் போட்ட பந்தலுக்குள் ஒரு பெண் ஓடிவந்தாள். நாற்பது வயது இருக்கும். எனக்குத் தெரியாத முகம். "என்னப் பெத்த அம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நாற்காலியில் இருந்த சித்தப்பா எழுந்து, "நீ யாரு தாயி? எந்த ஊரு?" என்று கேட்டார்.

"நான் அவுக மகளுங்கய்யா."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை. நானூற்று நாற்பது வோல்ட்டைத் தொட்டுப் பிழைத்தவன். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தேன். உள்ளே பொம்பளைகள் கூட்டம், வாசலில் சொந்தபந்தம், இன்னும் கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து சிஸ்டர்கள் வரப்போகிறார்கள். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாக நடத்திக்கொண்டு போய், தெருமுனையில் நின்ற ஆட்டோவில் ஏற்றினேன். "இப்பப் பேச நேரமில்லம்மா, பதினாறாம் நாளுக்குச் சொல்லி அனுப்புறோம்" என்றேன். பேர், ஊர், போன் நம்பர் எதையும் கேட்கவில்லை. எங்கே சொல்லி அனுப்புவதாக இருந்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

"ஒப்பாரியில எல்லாருந்தேன் என்னப் பெத்த அம்மான்னு சொல்லுவாக. ஒங்களுக்கு மூள கழண்டுருச்சா?" என்றாள் என் வீட்டுக்காரி.

"மகள்னு சொன்னாளே?"

"டீச்சருக்கு எல்லாப் பிள்ளையும் மகதேன்."

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பால் தெளித்த மறுநாள், சான்றிதழ் எடுக்கவென்று உத்தமபாளையம் வீட்டுப் பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில் ஒரு பழைய உறை. அதற்குள் ஏழெட்டுத் தாள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம், கோணல் மாணலாக: "நான் யார் என்று தேடாதே. நேரம் வரும்போது நானே சொல்வேன். ஒழுங்காகச் சாப்பிடு. உன் அம்மா." பிள்ளை கடத்துகிறவன் எழுதின மாதிரி ஒரு எழுத்து. ஆனால் ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. அக்காவேதான்! கூடவே பென்சிலில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு: "அம்மாவுக்கு, நான் இப்ப அழுவது இல்லை. இப்படிக்கு பாக்கியம், கடமலைக்குண்டு."

பீரோவைச் சாத்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா மதுரைக்குப் படிக்கப் போனது இருபத்து மூன்று வயதில். பந்தலுக்கு வந்தவளுக்கு நாற்பது. கூட்டினாலும் கழித்தாலும் பொருந்தித் தொலைக்கிறது. மதுரையிலிருந்து திரும்பியபோது அக்கா கொஞ்சம் குண்டாகவும் வந்தார். "ஆஸ்டல் சோறுடா" என்று அன்றைக்குச் சொன்னார். நாற்பது வருடம் கழித்து அந்தச் சோற்றைச் சந்தேகப்பட்டேன்.

பதினாறாம் நாளுக்குள் தெரிந்தாக வேண்டும். மகள் இருந்தால், மகளைக் கூப்பிடாமல் கருமம் செய்வது எவ்வளவு பெரிய பாவம்! மகள் இல்லையென்றால், ஊரைக் கூட்டி அக்கா பேரைக் கெடுத்தவன் ஆவேன். நேராகக் கடமலைக்குண்டுக்கு பஸ் ஏறியிருக்க வேண்டியதுதானே என்பீர்கள். துணிச்சல் இருந்தால் ஏறியிருப்பேன். பள்ளிக்கூடத்தில் விசாரிக்கலாம் என்று கிளம்பினேன்.

தலைமையாசிரியை சிஸ்டர் முன்னால் உட்கார்ந்ததும்தான் புரிந்தது, இதை எப்படிக் கேட்பது? ஒரு கன்னிகாஸ்திரீயிடம், "எங்க அக்காவுக்குப் பிள்ளை பிறந்ததா?" என்றா? "சிஸ்டர், அக்காவுக்கு நினைவு மலர் போடுறோம். பழைய விசயமெல்லாம் வேணும்" என்று ஒரு பொய்யை எடுத்து விட்டேன். அப்போது மலர் போடுகிற எண்ணமே எனக்கு இல்லை. நீங்கள் கையில் வைத்திருப்பது அந்தப் பொய்தான்.

சிஸ்டர் மகிழ்ந்துபோய்ப் பள்ளிக்கூடத்தின் சரித்திரத்தைத் தொடங்கினார். இரண்டு சிஸ்டர்கள் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது, வாடகைக்கு எடுத்த ஓட்டுவீட்டில் எட்டுப் பெண்பிள்ளைகளோடு ஆரம்பித்தது, பெண்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்ட வீடுகளுக்கே போய்க் கஞ்சி வாங்கிக் குடித்துப் பேசியது, ஏலத்தோட்டத்துக்குப் போகிற அம்மாமார் பிள்ளைகளை விட்டுப்போக விடுதி கட்டியது. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஓட்டுவீட்டுக்கு ஓடு மாற்றும் இடத்துக்குத்தான் வந்திருந்தார்.

இரண்டாம் முறை மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனேன். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்குப் போகும் நேரத்தில் மற்ற பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு உண்டு என்றும், அதை இத்தனை வருடமும் எடுத்தவர் அக்காதான் என்றும் சிஸ்டர் சொன்னார். நன்னெறி! நான் நெளிந்தேன். "சிஸ்டர், அக்கா வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி, மதுரையில..." என்று வாயெடுத்தேன். டாண் என்று பன்னிரண்டு மணி அடித்தது. மூவேளைச் செபம். சிஸ்டர் எழுந்து கண்ணை மூடினார். வராண்டாவில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்ற இடத்தில் நின்றார்கள். மல்லிகாவானாலும் மும்தாஜானாலும் மேரியானாலும் அங்கே அதுதான் பழக்கம். நானும் எழுந்து நின்றேன். செபம் முடிந்து, "என்னமோ கேட்டீங்களே தம்பி?" என்றார். "தண்ணி எங்கன இருக்கு சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் முறை போனது பதினான்காம் நாள். டிசம்பர் பிறந்திருந்தது. வராண்டாவில் ரெட்டைச்சடைக் கூட்டம் ஒரு தூக்குவாளியைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருத்தியாக உள்ளே கைவிட்டுச் சீட்டு எடுத்தாள்.

"ஏய், என்னைய எடுத்தவ யாருடி? எனக்கு யாரு அம்மா?" என்று ஒரு பொடிசு கத்தியது.

"சொன்னா ஆட்டம் போச்சுடி. நீயா கண்டுபிடி" என்றாள் ஒரு பெரியவள்.

"போன வருசம் எங்க அம்மா எனக்கு ரிப்பன் குடுத்தா. ஒங்க அம்மா வெறும் புளிப்பு முட்டாயி!"

சத்தம் கேட்டு வந்த சிஸ்டரை நிறுத்தினேன். "சிஸ்டர், இது என்ன?"

"இது தெரியாதா? கிறிஸ்மா. கிறிஸ்துமஸ் அம்மா" என்றார் சிஸ்டர். ஏலக்காய் எடுக்கும் காலத்தில் அம்மாமார் மலையில் இருப்பார்கள். விடுதியில் சின்னப் பிள்ளைகள் அழும். அதற்காக அந்தக் காலத்துச் சிஸ்டர்கள் உண்டாக்கிய வழக்கமாம். சீட்டில் யார் பெயர் வருகிறதோ, கிறிஸ்துமஸ் வரைக்கும் அவளுக்கு இவள் அம்மா. யாருக்கும் தெரியாமல் பரிசு வைக்க வேண்டும், கடிதம் எழுத வேண்டும். எழுத்து தெரிந்துவிடக்கூடாதென்று இடது கையால் எழுதுவார்கள். பீரோவில் இருந்த ஏழெட்டுத் தாளும் அக்கா கை பழகப் போட்ட வெள்ளோட்டம். லீவு விடும் நாளில் கேக் வெட்டி, இன்னாருக்கு இன்னார் அம்மா என்று எல்லார் முன்னாலும் சொல்வார்கள். அத்தோடு ஆட்டம் முடிந்தது.

"டீச்சர்மாரும் எடுப்பாங்களா?"

"எடுக்க ஒரு ஆள் குறைஞ்சா எடுப்பாங்க. உங்க அக்கா ஒரு வருசம் எடுத்தாங்க. ஆனா யார் பேருன்னு சொல்லவே இல்ல. எனக்கு முன்னால இருந்த சிஸ்டர்களும் கேட்டுப் பார்த்திருக்காங்க. சிரிச்சுட்டே போயிருவாங்களாம்."

மூன்று நடையாக இந்த மனுசி ஓடு மாற்றிய கதையைச் சொன்னாரே, இதை முதல் நாளே சொல்லியிருக்கக்கூடாதா என்று எரிச்சலாக வந்தது. நான்தான் கேட்கவே இல்லை என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு உறைத்தது.

மறுநாள் கடமலைக்குண்டு. பாக்கியத்தின் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். என்னைப் பார்த்ததும், "வாங்க மாமா" என்றாள். அம்மாவுக்குத் தம்பியென்றால் தாய்மாமன்தானே! ஐம்பத்திரண்டு வயதில், அதுவும் ஆட்டோவில் ஏற்றித் துரத்திய பிறகு, தாய்மாமன் ஆனேன்.

"நான் ஆறாப்புச் சேந்த வருசம் எங்க அம்மா செத்துப்போச்சு மாமா. டிசம்பர்ல பைக்குள்ள ஒரு லெட்டர். ஒன் அம்மான்னு போட்டுருக்கு. ரெண்டு நாளு எங்க அம்மாதேன் எழுதுதுன்னு நம்புனேன்."

அப்படியும் நம்ப ஒரு ஆள் இருந்திருக்கிறாள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"கேக் வெட்டுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி எங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. கைப்பிள்ளையப் பாக்க ஆளில்லைன்னு. பொங்கல் முடிஞ்சு டீச்சர் தேடி வந்தாக. எங்க அப்பா, 'நீங்க யாரும்மா எங்க வீட்டு விசயம் பேச?'ன்னாரு. டீச்சர் அந்தச் சீட்ட எடுத்து நீட்டுனாக. 'நாந்தேன் இவளுக்கு அம்மா, பேரு விழுந்துருக்கு பாருங்க'ன்னாக. எங்க அப்பாவுக்குச் சிரிப்பு. 'அது கிறிஸ்துமசோட முடிஞ்சுபோற ஆட்டமாம்ல? பிள்ளை சொல்லுச்சு'ன்னாரு. 'வெளிய சொன்னாத்தேன் முடியும். நான் பள்ளிக்கூடத்துல இன்னும் சொல்லலையே'ன்னாக. கைப்பிள்ளைய எங்க அத்தை வீட்டுல விட ஏற்பாடு பண்ணி, சாயங்காலப் பஸ்ஸுல என்னையக் கையோட கூட்டிட்டு வந்துட்டாக."

அக்கா அதைப் பள்ளிக்கூடத்தில் கடைசிவரை சொல்லவில்லை. பாக்கியம் பத்தாவது முடித்தாள், நர்சிங் படித்தாள், கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள் பிறந்தன. மாதாமாதம் ஒரு சனிக்கிழமை உத்தமபாளையம் வந்து போயிருக்கிறாள். எனக்குச் சனிக்கிழமை கடையில் கூட்டம். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூட நான் அக்கா வீட்டுக்குப் போனதில்லை.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா முடிஞ்சு போயிரும்ல மாமா? ஒங்க பந்தல்லதேன் மொத மொதல்ல வாயத் தொறந்து சொன்னேன். அதேன் முடிஞ்சு போச்சே."

வழியெல்லாம் நான்கு நகைச்சுவை யோசித்து வைத்திருந்தேன், மன்னிப்புக் கேட்கும்போது சேர்த்துச் சொல்ல. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். பதினாறாம் நாளுக்கு வரச் சொன்னேன். வந்தாள்.

சித்தப்பாவுக்கு இன்னும் சம்மதமில்லை. "சீட்டுல விழுந்தவ எல்லாம் மகள்னா, நாளைக்கு வாளியோட வருவாகடா" என்கிறார். இந்த மலரின் முதல் பக்கத்தில் "மகள்: பாக்கியம்" என்று போட்டிருக்கிறேன். அவர் இதைப் படிக்கும்போது அச்சாகி முடிந்திருக்கும்.

அக்காவைக் காப்பாற்றப் பாடுபட்ட டாக்டர்களுக்கும், எங்களைவிட நன்றாகப் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், சீருடையோடு வந்து வரிசையில் நின்று வணங்கிய மாணவிகளுக்கும், பழைய மாணவிகளுக்கும், பொய் சொல்லிப் போனவனுக்கு உண்மைச் சரித்திரம் சொன்ன சிஸ்டருக்கும், பதினாறு நாளும் அடுப்பு அணையாமல் பார்த்த பக்கத்து வீட்டாருக்கும், என் மூளையைத் திரும்ப மாட்டிவிட்ட என் வீட்டுக்காரிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாக்கியத்துக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

கடமலைக்குண்டிலிருந்து கிளம்பும்போது வாசலில் நின்று அவளிடம் கேட்டேன், அன்றைக்கு அக்கா முகத்தைப் பார்த்தாயா என்று. அவள் பார்க்கவில்லை. பந்தலுக்குள் அவள் வந்து இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் நான் அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.