களவு போன மே மரம்

நான்காம் வகுப்பில் டீச்சர் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு நாடு கொடுத்து, அங்குள்ள ஒரு கிராமத்தை அட்டையில் செய்துவரச் சொன்னார். எனக்கு விழுந்தது ஆஸ்திரியா. குபெர்டினோவில் எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள் ஆஸ்திரியாக்காரர் என்று தெரிந்ததும் நான் குதித்த குதியில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

அங்கிள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே தன் சொந்த ஊரைச் சொல்லச் சொல்ல, அப்பா இந்தப் பக்கம் நின்று அட்டையை வெட்டினார். வெங்காயத்தை உச்சியில் உட்கார வைத்த மாதிரி கோபுரமுள்ள தேவாலயம், ஓடையோரம் மரம் அறுக்கும் மில், தீயணைப்பு வண்டிக்கு ஒரு கொட்டகை. ஊரே அவ்வளவுதான். நடுவில், மே மாதம் பிறந்ததும் பட்டை உரித்து நடும் நெட்டை மரம்.

"அட, இது நம்ம கொடிமரம்!" என்றார் அப்பா. தூத்துக்குடி மாதா கோயில் திருவிழா நினைப்பில் கயிறு கட்டி, நீல வெள்ளைக் கொடியும் ஏற்றிவிட்டார். அங்கிள் கொடியைப் பார்த்துத் தாடையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும். பசை காய்வதற்காக கராஜில் வைத்திருந்தோம். சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஊர் இருக்கிறது, மரத்தைக் காணோம்!

"டாடி, சம்படி ஸ்டோல் இட்!" என்று கத்தினேன். தம்பியைப் பிடித்து உலுக்கினேன். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கராஜ் டோர க்ளோஸ் பண்ணுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?" என்று அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது மணி அடித்தது. வாசலில் அங்கிள். இஸ்திரி போட்ட சட்டை, இறகு செருகிய தொப்பி, கையில் எங்கள் மரம்! விருந்து வைத்தால்தான் திருப்பித் தருவேன் என்றார். அவர் ஊர் வழக்கமாம்: காவல் அசந்தால் மரத்தைத் தூக்கிவிடுவார்கள். ஆனால் கண்டவர்களிடம் போய்த் திருடக் கூடாது, பக்கத்து ஊர்க்காரர்களிடம் மட்டும்தான் என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

"திருடினவருக்கு போண்டா வேறயா!" என்று முணுமுணுத்தபடி அம்மா எண்ணெய் காயவைத்தாள். அங்கிள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, தன் கையாலேயே மரத்தை ஊர் நடுவே நட்டார். கொடியை அவிழ்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா தெரிந்தவர்களையெல்லாம் நிறுத்தி, "பக்கத்து வீட்டுக்காரர் நம்ம வீட்டுல திருடிட்டாருங்க!" என்று முகமெல்லாம் பல்லாகச் சொன்னார். அந்தத் தெருவுக்குக் குடிவந்த இரண்டு வருஷத்தில், அக்கம்பக்கத்தார் ஒருவரும் அதற்கு முன் எங்கள் வீட்டு மணியை அடித்ததில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவேயில்லை. வீட்டில் களவு போனதை இப்படியா பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவார் என்று, அப்பாவின் கையைப் பிடித்து கார் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தேன்.